தூங்கிக்கொண்டிருந்த சி டிரைவ்

என் அக்கா வீட்டுக்காரர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஓசி என்றுதான் கூப்பிடுவார். படூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. லேபில் எல்லா மெஷினிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ்தான். என் சொந்த லேப்டாப்பிலும் அதுதான். காசு கொடுக்காமலே கிடைக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லித் தொலைத்தேன். அன்றோடு என் பெயர் மாறிவிட்டது.

அக்கா வீடு திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் இருக்கிறது. நான் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வரும்.

"இன்னா ஓசி, இன்னா சொல்லுது உன் சிஸ்டம்?"

"நல்லாத்தான் கீது. நீ உன் வேனப் பாரு மாமா."

"ஓசில ஒருத்தன் ஒண்ணு குடுக்குறான்னா, ஒண்ணு அது ஓட்டையா இர்க்கணும், இல்ல அவன் லூசா இர்க்கணும்."

"தானமா வந்த மாட்டப் பல்லப் புடிச்சிப் பாக்காத."

இதற்குப் பிறகு நான் கொஞ்ச நேரம் திட்டுவேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அவருடைய வேன்களில் எது எந்த ரோட்டில் எத்தனை முறை நின்றது என்று எல்லாவற்றையும் இழுப்பேன். அவர் காதில் வாங்கிக்கொண்டே பல் குத்துவார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "செரி, செரி, சாப்ட்டுப் போ" என்பார். பல வருஷமாக இதேதான். அக்கா இதற்காக அடுப்படியை விட்டு வெளியே வருவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

மாமாவுக்கு வேன் தொழில். வார நாட்களில் ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றுகிற வேன்கள், சனி ஞாயிறில் மாமல்லபுரம் சுற்றுலாக்காரர்களுக்கு. டிரைவர்களைப் போனில் கூப்பிடுவது அவருக்குப் பிடிக்காது. கடற்கரைக் கோயில் பக்கம் நிற்கிறவனை பஸ் ஸ்டாண்டிலிருந்தே கத்திக் கூப்பிடுகிற ஆள் என்று கிண்டலாகச் சொல்வார்கள். பாதியாவது உண்மைதான். அவர் வாயைத் திறந்தால் பக்கத்துத் தெரு நாய் எழுந்து நிற்கும்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தாக வேண்டும், வேறு வழியில்லை என்று டாக்டர் சொன்னார். அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். மாமா அழவில்லை. "உசுரு இருந்தா போதும், கத்தறதுக்கா ஆளில்ல" என்றார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு யோசனை சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னால் அவருடைய குரலிலேயே சில வாக்கியங்களைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். பிறகு போனில் ஒரு செயலியில் ஏற்றிக்கொண்டால், பட்டனைத் தொட்டதும் அந்தக் குரல் பேசும். என்ன பேச வேண்டும் என்று மாதிரிக்குச் சில வாக்கியங்களும் கொடுத்தார். மாமாவின் போன் நிமிஷத்துக்கொரு முறை அடிக்கும், அதில் பதிவு செய்ய முடியாது. அதனால் மகள் விட்டுப்போன பழைய விண்டோஸ் லேப்டாப்பை எடுத்தார். மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள், அவளுக்குப் புதிது வாங்கியாகிவிட்டது.

ஆஸ்பத்திரி கொடுத்த வாக்கியங்களை அவர் ஒழுங்காகப் படித்து முடித்தார். "எனக்குத் தாகமாக இருக்கிறது. தயவுசெய்து தண்ணீர் தாருங்கள்." அக்கா கேட்டுவிட்டு, "யாரோ நியூஸ் படிக்கிற ஆளு மாதிரி கீதே, இது உன் கொரலே இல்ல" என்று சொல்லியிருக்கிறாள்.

ஆயுத பூஜையன்று காலையில் அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகு நேரம் லேப்டாப்பிடம் பேசிக்கொண்டிருந்தார். வெளியே வேன்களையெல்லாம் கழுவி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் தயாராக இருந்தது. ஐயர் வந்துவிட்டார், கற்பூரம் ஏற்றப்போகிறார் என்று அக்கா கதவைத் தட்டினாள். மாமா பேச்சை நிறுத்திவிட்டு லேப்டாப்பை அப்படியே மூடி எடுத்துவந்து ஸ்பேனர், ஜாக்கி, காற்றடிக்கிற பம்பு வரிசையில் வைத்தார். "இதுவும் இனிமே என் ஆயுதம்தான்" என்றாராம்.

நான் அன்று கல்லூரி பூஜையில் மாட்டிக்கொண்டேன். இதெல்லாம் அக்கா சொல்லித் தெரிந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தொண்டையில் ஒரு துளை, அதன்மேல் மெல்லிய துணி. பேச்சு போய்விட்டது. குழந்தைகள் எழுதி அழிக்கிற சிலேட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். மனுஷன் அதில் எழுதுவதற்குள் எரிச்சல்பட்டு பாதியில் அழித்துவிடுவார். வீட்டில் டி.வி. சத்தம்தான் கேட்டது. அக்கா அடுப்படியிலிருந்து அடிக்கடி வெளியே வந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள்.

அவர் கொஞ்சம் தேறிய பிறகு, குரலைப் போனில் ஏற்றலாம் என்று அக்கா பூஜை அலமாரியிலிருந்து லேப்டாப்பை எடுத்துச் சார்ஜ் போட்டாள். திறந்தால் விண்டோஸ் வரவில்லை. நீலத் திரையில் சரிசெய்யவா, பழைய நிலைக்குக் கொண்டுபோகவா என்று கேட்கிற பக்கம்தான் வந்தது. அணைத்துப் போட்டாலும் அதே பக்கம். திருப்போரூர் பஜாரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்துதான் எனக்குப் போன் செய்தாள்.

"விண்டோஸ் போயிடுச்சாம்டி. சி-ய அட்ச்சிட்டு புதுசா போட்டுட்லாம்ங்கிறாரு. டி-ல கீறது அப்டியே இர்க்குமாம். செரின்னு சொல்லவா?"

எங்கள் பக்கத்தில் இது ஒரு மதம் மாதிரி. கம்ப்யூட்டர் வாங்கினால் கடைக்காரரே டிஸ்கை சி, டி, ஈ என்று பிரித்துக் கொடுத்துவிடுவார். விண்டோஸ் சி-யில் இருக்கும். என்ன வியாதி வந்தாலும் சி-யை அழித்துப் புதிதாகப் போடுவதுதான் வைத்தியம். டி-யில் வைத்தது பத்திரம் என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் திரையில் கண்ணெதிரே வைக்கிறதும், ரெக்கார்டு செய்கிற மென்பொருள் தானாகச் சேமிக்கிறதும் சி-யில்தான் போய் உட்காரும் என்று யாரும் நினைப்பதில்லை.

"தொடக்கூடாதுன்னு சொல்லு. தொட்டா கைய ஒட்ச்சிடுவேன்னு சொல்லு. நான் வந்துகினே கீறேன்."

ஸ்கூட்டரில் போகும்போது கேளம்பாக்கம் நெரிசலில் எல்லோரையும் திட்டினேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். அந்தக் குரலை இனிமேல் எங்கே போய்ப் பதிவு செய்வது?

கடைக்காரர் நல்ல மனுஷன்தான். லேப்டாப்பைப் பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தார். "இன்னும் ஒண்ணும் பண்லக்கா. கடக்கரப் பக்கம்ல, உப்புக்காத்து. டிஸ்க்கு போயிருந்தாலும் போயிருக்கும்" என்றார். நான் நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லை.

அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து லேப்டாப்பின் அடிமூடியைத் திறந்து டிஸ்கைக் கழற்றினேன். என்னிடம் டிஸ்கை வைத்து வெளியிலிருந்து சொருகுகிற சின்னப் பெட்டி ஒன்று உண்டு. அதில் வைத்து என் லேப்டாப்பில் மாட்டினேன். மாமா எதிரே நாற்காலியில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா நின்றுகொண்டே இருந்தாள்.

லினக்ஸுக்கு சி, டி என்றெல்லாம் தெரியாது. ஒரு டிஸ்க், அதில் சில பகுதிகள் என்றுதான் காட்டும். டி இருந்த பகுதி சட்டென்று திறந்தது. பழைய சினிமாப் படங்கள், வேன் இன்சூரன்ஸ் காகிதங்கள். பெரிய பகுதி, அதாவது சி, திறக்க மறுத்தது. மறுத்ததோடு காரணமும் சொன்னது. இதற்குள் இருக்கிற விண்டோஸ் உறக்கத்தில் இருக்கிறது, முழுதாக அணைக்கப்படவில்லை, அதனால் எழுதுவதற்குத் திறக்க மாட்டேன், வேண்டுமானால் படிக்க மட்டும் திறந்துகொள்.

மாமா என் லேப்டாப்பைப் பார்த்து முகவாயைத் தூக்கினார். அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"தூங்குதாம் மாமா. சாவலயாம்."

எனக்கே அப்போதுதான் உறைத்தது. விண்டோஸ் செத்துவிட்டது என்று கடைக்காரர் சொன்னார். டிஸ்க் போய்விட்டது என்றும் சொன்னார். இரண்டுமே இல்லை. டிஸ்க் திடமாக இருந்தது. விண்டோஸ் ஆயுத பூஜையன்று கண்ணை மூடியது, பேட்டரி தீரப்போகிற நேரத்தில் நினைவில் இருந்ததையெல்லாம் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, இன்னும் அப்படியே கிடந்தது.

படிக்க மட்டும் திறந்தேன். அப்படித் திறந்தால் ஒரு புள்ளிகூட மாறாது. பதிவுகள் இருந்த ஃபோல்டர் கிடைத்தது. அக்கா "முருகா" என்றாள். ஒன்றைத் தட்டினேன்.

"எனக்குப் பசியாக இருக்கிறது. உணவு தாருங்கள்."

மாமா கையை வீசி நிறுத்தச் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெறுப்பை நான் பார்த்ததில்லை. சிலேட்டை எடுத்து, "இது இல்ல. பூஜ அன்னிக்கி" என்று எழுதினார்.

தேதி வாரியாகத் தேடினேன். பூஜையன்று எதுவுமே சேமிக்கப்படவில்லை. எல்லாம் அதற்கு முந்தைய நாட்களுடையவை.

"சேவ் பண்ணியா மாமா?"

அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், இல்லை என்று தலையாட்டினார். ஐயர் வந்துவிட்டார் என்றதும் மூடிக்கொண்டு எழுந்தவர்தானே. அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் தட்டிக் கூப்ட்டேன்" என்றாள்.

"எந்திரி. இன்னும் போவல" என்று அதட்டினேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் இலையை மூடாமல் பாதியில் எழுந்து போனால், வீட்டில் யாரும் அந்த இலையை எடுக்க மாட்டார்கள். லினக்ஸ் செய்ததும் அதுதான். இலை இன்னும் மூடவில்லை, கை வைக்காதே என்றது. உறக்கத்தைக் கலைத்துத் தூக்கியெறிந்துவிட்டுத் திறக்கவும் அதில் ஒரு கட்டளை உண்டு. இணையத்தில் பாதிப் பேர் அதைத்தான் அடிக்கச் சொல்வார்கள். அடித்தால் சி திறந்துவிடும், ஆனால் சேமிக்காத குரல் அந்த உறக்கத்துக்குள்தான் இருந்தது. கடையில் சி-யை அழித்திருந்தாலும் அதே கதிதான். விண்டோஸ் தானாக எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். வேறு வழி கிடையாது.

அப்படியானால் அது ஏன் எழவில்லை? டிஸ்க் நல்ல டிஸ்க், தூக்கமும் நல்ல தூக்கம். கோளாறு உடம்பில்தான் இருக்க வேண்டும். காலி லேப்டாப்பை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு விசையாக அழுத்தினேன். மேல் வரிசையில், வலதுபக்க ஓரத்தில் ஒன்று உள்ளே போய்த் திரும்பி வரவேயில்லை. நகத்தால் நெம்பி எடுத்தேன். அடியில் மஞ்சளாக ஏதோ கல் மாதிரி இறுகியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன், சந்தன வாசனை.

"அக்கா, இதுக்கும் பொட்டு வெச்சியா?"

"ஆமா."

"மூடி மேல வெக்கிறதுதானே?"

"கை படற எடத்துலதானே வெக்கணும்" என்றாள் அக்கா.

எங்கள் வீட்டுப் பழக்கம் அது. வேனுக்குப் பொட்டு வைத்தால் கண்ணாடியில் வைத்ததோடு நிற்காது, ஸ்டியரிங்கில் வைக்க வேண்டும். ஸ்பேனருக்குப் பிடியில், கத்திக்குக் காம்பில். எங்கள் அம்மாவும் அப்படித்தான் வைத்தாள், நானும் என் வீட்டில் அப்படித்தான் வைக்கிறேன். அக்கா லேப்டாப்பைத் திறந்து, பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை விசைப்பலகையின் மூலைகளில் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்து மூடியிருக்கிறாள். கடைக்குக் கொண்டுபோகும்போது, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மேலே இருந்ததை ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்தும் விட்டாள். உள்ளே இறங்கினது இறங்கினபடி காய்ந்துவிட்டது. அந்த மெஷினில், பவர் போடும்போது அந்த விசை அழுந்தியிருந்தால் ரிப்பேர் பக்கத்தைத் திற என்று அர்த்தம். அது பாவம், சொன்னதைச் செய்துகொண்டிருந்தது.

எனக்குக் கண் மண் தெரியாமல் கோபம் வந்தது. வாயைத் திறக்கப் போனேன். மாமா சிலேட்டைத் தரையில் தட்டினார். "நாந்தான் வெக்கச் சொன்னேன்" என்று எழுதியிருந்தார். அது பொய் என்று அக்கா முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அவசரப்படவில்லை. முதலில் டிஸ்க் முழுவதையும் அப்படியே இன்னொரு டிஸ்கில் நகல் எடுத்தேன். ஒருவேளை எழும்போது ஏதாவது ஆகிவிட்டால், நகலை வைத்துத் திரும்பவும் முயற்சி செய்யலாம். அது முடிய மறுநாள் ஆகிவிட்டது. கல்லூரியிலிருந்து ஒரு வெளிக் கீபோர்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டை இணைக்கிற பட்டை ஒயரையே உள்ளேயிருந்து பிடுங்கிவிட்டு, இதை மாட்டி, டிஸ்கை அதன் இடத்தில் வைத்து மூடினேன். அக்கா விளக்கேற்றப் போனாள். "சந்தனம் கிந்தனம்னு கிட்ட வந்த, அவ்ளோதான்" என்றேன். மாமா சிரித்தார். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது.

பவரை அழுத்தினேன். கறுப்புத் திரை. அது நெடுநேரம் கறுப்பாகவே இருந்தது. நீலத் திரை வந்தால் அக்கா முகத்தில் எப்படி முழிப்பது என்றுதான் நினைத்தேன். பிறகு கடவுச்சொல் கேட்கிற பக்கம் வந்தது. மாமா எழுந்து வந்து தானே அடித்தார்.

ரெக்கார்டு செய்கிற ஜன்னல் திறந்தபடி இருந்தது. நீளமாக அலை அலையாக ஒரு பதிவு, மேலே சேமிக்கப்படவில்லை என்ற குறியோடு. கேட்பதற்கு முன்னால் சேமித்தேன். பென் டிரைவிலும் சேமித்தேன். என் லேப்டாப்புக்கும் ஒன்று எடுத்துக்கொண்டேன். அதற்கு மேல் அக்காவால் பொறுக்க முடியவில்லை.

"போட்றீ."

போட்டேன். கூடம் நிறைந்தது.

"இன்னாமே, டீ போட்டியா? ... சக்கர கம்மியா போடு." அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"டேய், வண்டிய எடுறா, இன்னாடா பேஜார் பண்ற. ... வெச்சன்னா பார்."

"கண்ணு, சாப்ட்டியா? ... டப்பு கீதா?" இது மகளுக்கு.

ஆஸ்பத்திரி கொடுத்த வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொருவரிடமும் தினமும் பேசுவதை அப்படியே பேசி வைத்திருந்தார். ஒன்று சொல்வார், எதிராளி பதில் சொல்வதற்கு இடம் விடுவார், பிறகு அடுத்ததைச் சொல்வார். தனியறையில் உட்கார்ந்து யாருமில்லாமல் இப்படித்தான் அவ்வளவு நேரம் பேசியிருக்கிறார். மாமா தன் குரலைக் கேட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பதிவு முடியப்போகிறது என்று நினைத்தேன்.

"இன்னா ஓசி, இன்னா சொல்லுது உன் சிஸ்டம்?"

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். பதிவில் சத்தமில்லை. தூரத்தில் அன்று அக்கா பாத்திரம் கழுவியது மட்டும் லேசாகக் கேட்டது. மற்றவர்களுக்கு விட்ட இடமெல்லாம் சின்னது. எனக்கு விட்டது பெரியது. நான் திட்டி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். மூக்கைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் காத்திருந்தார், பதிவிலும் எதிரிலும்.

"செரி, செரி, சாப்ட்டுப் போ."

அக்கா எழுந்து தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். நான் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன்.